பதினேழாம் படிக்கு

மூன்று முறை உன்மேல் பழி சொன்னேன்.
மன்னித்துவிடு.

முதல் முறை புருவம்.
'படிக்கட்டுல வழுக்கிட்டேன்' என்றேன்.
ஸ்டான்லியில் தையல் போட்ட பையன்
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
இரண்டாம் முறை விலா.
மறுபடியும் படிக்கட்டு.
மூன்றாவது, இடது மணிக்கட்டு.
எம்.சி. ரோட்டில் சேலை விரிக்கிறவளுக்கு
அதுதான் மூலதனம்.
ஒரே உதறலில் ஐந்தரை மீட்டரும்
கஸ்டமர் மடிவரை போய் விழவேண்டும்.

அன்று சீட்டு எழுதியவள்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
பழைய சீட்டு இரண்டையும் புரட்டிவிட்டுக்
கேட்டாள்:
'எத்தினியாவது படிம்மா?'

வாயில் வந்ததைச் சொன்னேன்.
'பதினேழு.'

அவள் எழுதவில்லை. பேனாவை மூடினாள்.
'போய்ப் பாத்துட்டு வா' என்றாள்,
கடையில் விலை கேட்டுவரச் சொல்வதுபோல.

மாவுக்கட்டோடு கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் வண்டிக்காக நின்றேன்.
சும்மா நிற்கமுடியாமல் பெட்டிகளை எண்ணினேன்.
அந்த எண்ணிக்கை ஓயாமலே
டி பிளாக் படியேறினேன்.

நீ ரெஜினா வீட்டு வாசலுக்கு
ஒரு படி கீழே இருக்கிறாய்.
உனக்கு ஒரு எண் உண்டென்று
இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.
முனை உடைந்து
துருப்பிடித்த கம்பி ஒன்று எட்டிப் பார்க்கிறது.
எந்தப் பிள்ளையோ செங்கல் துண்டால் எழுதிய
ஏழெட்டு ஐம்பத்தாறு. சரியான விடைதான்.
லாரித் தண்ணி சிந்திய ஈரம்.
வலது கால் வைத்தேன், இடது கால் வைத்தேன்,
செருப்போடு, செருப்பில்லாமல்.
வழுக்கவில்லை.

அப்புறம்தான் உறைத்தது.
பன்னிரண்டு வருஷமாய் ராத்திரி பதினொன்றுக்கு
சுவரில் தோள் தேய்த்துத் தேய்த்து
உன்னை மிதித்துத்தான் மேலே வருகிறான்.
அந்தக் குடியிலும் ஒருநாள் அவனைத் தள்ளாத நீ
இடுப்பில் ஒன்று கையில் ஒன்றாகக் குடத்தோடு
நிதானமாய் ஏறுகிற என்னையா தள்ளுவாய்?

'இன்னா ஜெகதா, இன்னாத்த தேடுற?'
'விழுந்த எடத்த.'
ரெஜினா ஈரக்கையை நைட்டியில் துடைத்தாள்.
'அது இங்க இல்ல. மூணாவது மாடில கீது.
எனக்குக் கேக்கும்.'
'கேக்கும்னா ஏன் வர்ல?'

அவள் பதில் சொல்லவில்லை.
உள்ளே போனாள்.
செருப்பு மாட்டிக்கொண்டு வந்தாள்.

'இப்ப சொல்லு' என்றாள் சீட்டு எழுதுகிறவள்.
'படி இல்ல.'
அவள் எழுதினாள்: தெரிந்த நபரால் தாக்கப்பட்டு.

தெரிந்த நபர்.
உப்பு எவ்வளவு, தலையணை எத்தனை,
எந்தச் செருமலுக்கு அப்புறம் கை ஓங்கும்
எல்லாம் தெரிந்த நபர்.

'பேரு?'
'இன்னாங்க', 'நித்யா அப்பா' தவிர
வேறொன்றும் பழகாத வாய்.
'டில்லிபாபு.'
'சத்தமா.'
'டில்லிபாபு!'
பெஞ்சில் கால்கட்டோடு இருந்த பெரியவர்
திடுக்கிட்டுத் திரும்பினார்.
அவர் பேரும் அதுவாம்.
வலியோடு வலியாகச் சிரித்துவிட்டேன்.

மகளிர் ஸ்டேஷனுக்கு அலைந்தது தனிக்கதை.
மூன்றாம் நாள் ஒரு எஸ்.ஐ. அம்மா
வீட்டு ஒதுக்கீட்டுத் தாளைத் திருப்பி வைத்து
விரலால் தொட்டுக் காட்டினாள்:
'உன் பேருதானே போட்டுக்கீது?'
அரிசி டிரம்முக்கு அடியில்
அத்தனை வருஷம் என் பேர்
வேலையில்லாமல் கிடந்திருக்கிறது.

நேற்று ஒரு பையோடு இறங்கிப் போனான்.
வாசலில் நின்று செருப்புச் சத்தத்தை எண்ணினேன்.
மேலிருந்து எண்ணினால் நீ முப்பத்தெட்டு.
அவனையும் நீ விழவிடவில்லை.
அது உன் குணம்.

திரும்பி வரலாம்.
வந்தால் உன்னைத் தாண்டித்தான் வரவேண்டும்,
அடுத்த படியில் ரெஜினா கதவு
இப்போதெல்லாம் ஒருக்களித்தே இருக்கிறது.

கட்டுப் பிரிக்க இன்னும் பத்து நாள்.
சம்பளம் வந்ததும் ஒரு கிலோ சிமெண்ட் வாங்கி
உன் முனையைப் பூசிவிடுகிறேன்.
அதுவரை
பார்த்து மிதிக்கச் சொல்லியிருக்கிறேன்
நித்யாவிடம்.